இரண்டாம் சுற்றில் படுத்துவிடும் வினையூக்கி: அமிலம் ஏற்றிய உலோக-கரிமச் சட்டகங்களில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

முதல் ஓட்டத்தில் 95 சதவீதம் விளைபொருள் தந்த வினையூக்கித் தூள், வடிகட்டிக் கழுவி உலர்த்தி மறுபடியும் போட்டதும் 30-இல் நின்றுவிடுகிறது. உலோக அணுக் கொத்துகளைக் கரிம இணைப்பி மூலக்கூறுகளால் கோத்துக் கட்டி, அமிலம் ஏற்றிய நுண்துளைச் சட்டகங்களோடு வேலை செய்யும் எவருக்கும் இப்படி ஒரு நாள் வந்தே தீரும். அன்று ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பழைய தூளையும் வடிநீரையும் கொட்டிவிட்டுப் புதிய தொகுதி தயாரிக்க உட்காராதீர்கள். விடை அந்தத் தூளிலும் வடிநீரிலும்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் செய்யும் அடுத்த தொகுதியும் இதே இடத்தில் வந்து நிற்கும்.

எந்த அறிகுறியோடு ஒருவர் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி. வினையை நடத்தும் அமிலம் சட்டகத்தின் சுவரில் இருக்கிறதா, கரைசலில் மிதக்கிறதா? இதற்கு அளந்து பார்த்த பதில் கையில் இல்லாதவரை மற்ற சோதனைகள் எல்லாம் இருட்டில் தடவுவதுதான்.

அமிலம் மூன்று இடங்களில் குடியிருக்கலாம். ஒன்று, கரிம இணைப்பியின் மேல்: டெரிப்தாலிக் அமிலத்தின் பென்சீன் வளையத்தில் சல்போனிக் தொகுதி நேரடியாக ஒட்டியிருக்கும் மில்-101 (குரோமியச் சட்டகம்), யுஐஓ-66 (சிர்க்கோனியச் சட்டகம்) வகைகள். இரண்டு, உலோகக் கொத்தின் மேல்: நீர்த்த சல்பூரிக் அமிலத்தில் ஊறவைத்த மாஃப்-808 போன்றவை, இவற்றில் சல்பேட் சிர்க்கோனியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மூன்று, கூண்டுக்குள் விருந்தாளியாக: மில்-101-இன் பெரிய கூண்டுகளில் அடைத்த பாஸ்போடங்ஸ்டிக் அமிலம். முதல் வகையில் கார்பன்-கந்தகப் பிணைப்பு அறுந்தால்தான் அமிலம் போகும். இரண்டாம் வகையில் வேறொரு எதிரயனி வந்து இடத்தைப் பிடித்தாலே போதும். மூன்றாம் வகையில் சன்னல் திறந்திருந்தால் அமிலம் தானே நடந்து வெளியேறிவிடும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதை முதலில் தாளில் எழுதிக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் சுற்று அபாரம், இரண்டாம் சுற்று சரிவு

பெரும்பாலும் இதற்குக் காரணம், கழுவப்படாமல் துளைகளுக்குள் தங்கிப்போன தனி அமிலம். தயாரித்து முடித்த சட்டகத்தின் மேல் குளோரோசல்போனிக் அமிலத்தை ஏற்றும் முறையிலும், நைட்ரோமீத்தேனில் டிரைஃபிளிக் நீரிலியும் சல்பூரிக் அமிலமும் சேர்த்து ஏற்றும் முறையிலும் இது அடிக்கடி நேர்கிறது. எஞ்சிய குளோரோசல்போனிக் அமிலம் நீரைக் கண்டதும் சல்பூரிக் அமிலமாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் உடைகிறது. அந்தச் சல்பூரிக் அமிலம் ஒரு நானோமீட்டர் அகலத் துளைக்குள் ஒட்டிக்கொண்டால் இரண்டு கழுவலில் வராது. வினையின்போது சூடான ஆல்கஹாலில் மெதுவாகக் கரைந்து வெளியே வரும். முதல் சுற்றில் நீங்கள் பார்த்தது அந்த அமிலத்தின் வேலை.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். கழுவிய நீரில் 2 மில்லிலிட்டர் ஒரு சோதனைக் குழாயில் எடுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி, அதன்பின் பேரியம் குளோரைடுக் கரைசல் இரண்டு துளி. குழாயைக் கறுப்புத் தாளின் முன் பிடித்து ஐந்து நிமிடம் விடுங்கள். துளி விழுந்த இடத்தில் முதலில் புகை போல ஒரு மங்கல் தெரியும்; பிறகு அது கீழே இறங்கி அடியில் வெள்ளையாகப் படியும். அந்த மங்கல் தெரிந்தால் கழுவல் இன்னும் முடியவில்லை. நான் முதன்முதலாக இப்படிச் சோதித்தபோது, பி.எச். தாளில் நடுநிலை காட்டிய நான்காம் கழுவுநீர்கூடப் புகைந்தது. அன்றிலிருந்து பி.எச். தாளை மட்டும் நம்பிக் கழுவலை நிறுத்துவதில்லை. பேரியம் உப்பு நஞ்சு. சோதித்த குழாய்களின் கழிவைத் தனியே சேர்த்து வையுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. இது காட்டுவது சல்பேட்டை மட்டுமே. வளையத்தில் ஒட்டிய சல்போனிக் தொகுதியுடன் இணைப்பியே உடைந்து கரைந்து வந்தால் பேரியம் மௌனமாக இருந்துவிடும். அதற்கு வடிநீரை ஆவியாக்கி, எஞ்சியதை அணுக்கரு காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) கருவியில் பார்க்க வேண்டும். அல்லது புற ஊதா நிறமாலையில் நறுமண வளையத்தின் உட்கவர்ச்சியைத் தேட வேண்டும். மாஃப்-808 வகையில் பேரியம் புகைந்தால் அது கழுவப்படாத அமிலமாகவும் இருக்கலாம், கொத்திலிருந்து கழன்ற சல்பேட்டாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி, கழுவுநீர் முற்றிலும் தெளிந்த பிறகு தூளை வினையின் அதே கரைப்பானில், அதே வெப்பநிலையில், வினைப்பொருள் (வினைபுரியும் சேர்மம்) இல்லாமல் ஒரு மணி நேரம் வைத்து மறுபடியும் சோதிப்பது. அப்போதும் புகைந்தால் கழன்றது பிணைந்திருந்த சல்பேட்தான்.

அடுத்தது சூட்டு வடிகட்டல். வினை பாதி தூரம் போனதும், கலவை சூடாக இருக்கும்போதே 0.2 மைக்ரான் வடிகட்டியின் வழியே திரவத்தை மட்டும் வேறொரு சூடான குடுவைக்கு மாற்றி, அதே வெப்பநிலையில் தொடருங்கள். வினைப்பொருள் விளைபொருளாகும் மாற்றம் அங்கேயே நின்றால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் அமிலம் கரைசலில் இருக்கிறது. ஆறவிட்டு வடிகட்டினால் இந்தச் சோதனை பொய் சொல்லும். சூட்டில் கரைந்து வந்த அமிலம் ஆறும்போது மறுபடி தூளிலேயே படிந்துவிடலாம். கரிம அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டராகும் வினையில், அதாவது எஸ்டராக்கலில், இன்னொரு பொறியும் உண்டு. அசிட்டிக் அமிலம் தனக்குத் தானே ஓரளவு வினையூக்கி. ஆகவே வடிகட்டிய திரவத்தில் தெரியும் ஏற்றத்தை, வினையூக்கியே போடாத வெற்று ஓட்டத்தின் வேகத்தோடு ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு வெற்று ஓட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: அமிலம் ஏற்றாத அசல் சட்டகத்தை வைத்து ஓட்டுவது. யுஐஓ-66-இல் இணைப்பி விடுபட்ட இடங்களில் திறந்திருக்கும் சிர்க்கோனியமே லூயிஸ் அமிலமாக (எலக்ட்ரான் இணையை ஏற்கும் அமிலமாக) நின்று எஸ்டராக்கலை நடத்தக்கூடியது. அசல் சட்டகம் தரும் பங்கைக் கழிக்காமல் முழுப் பெயரையும் சல்போனிக் தொகுதிக்குக் கொடுத்துவிடுவது, செய்யாத வேலைக்குக் கூலி கொடுப்பது போன்றது.

பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் அடைத்த மில்-101-இல் இதே சரிவு வந்தால், கழுவலைக் குறை சொல்வதற்கு முன் சன்னலை அளந்து பாருங்கள். அந்த அமிலத்தின் மூலக்கூறு சுமார் 1.3 நானோமீட்டர் அகலம். மில்-101-இல் இரண்டு வகைக் கூண்டுகள் உண்டு. 2.9 நானோமீட்டர் கூண்டுக்கு ஐங்கோணச் சன்னல்கள் மட்டுமே. அவை சுமார் 1.2 நானோமீட்டர். 3.4 நானோமீட்டர் கூண்டுக்கு அறுகோணச் சன்னல்களும் உண்டு. அவை ஏறக்குறைய 1.5 நானோமீட்டர். ஆயத்தமான சட்டகத்தை அமிலக் கரைசலில் ஊறவைத்தால் மூலக்கூறு பெரிய கூண்டுக்குள் மட்டுமே நுழைகிறது. வந்த வழியே மெத்தனாலோடும் நீரோடும் வெளியே போகிறது. சட்டகம் கட்டப்படும்போதே அமிலத்தைக் கலவையில் சேர்த்து, அதைச் சுற்றிக் கூண்டு எழும்படி செய்தால் சின்னக் கூண்டுக்குள்ளும் அது சிறைப்படும். ஊறவைத்துச் செய்த தூளை முனைவற்ற கரைப்பானில் மட்டும் பயன்படுத்துங்கள். அல்லது தயாரிப்பு முறையையே மாற்றுங்கள். கழுவிக் கழுவி இதைச் சரிசெய்ய முடியாது.

தரம் பார்த்தால் அமிலம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு

தரம் பார்ப்பது என்றால், பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளப்பது. அளவு குறைந்தது டைமெத்தில் பார்மமைடில் தயாரித்த தூளா? அப்படியானால் விடை பெரும்பாலும் அந்தக் கரைப்பானில்தான் இருக்கிறது. சூட்டில் அது நீரோடு சேர்ந்து பார்மிக் அமிலமாகவும் டைமெத்தில் அமீனாகவும் உடைகிறது. அமீன் ஒரு காரம். பக்கத்திலேயே சல்போனிக் அமிலம் இருக்கும்போது அது சும்மா இருக்குமா? புரோட்டானை வாங்கிக்கொண்டு டைமெத்தில் அமோனியம் அயனியாகத் துளைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. கந்தகத்தின் அளவு தனிமப் பகுப்பாய்வில் சரியாக இருக்கும். எக்ஸ்-கதிர் படமும் அழகாக இருக்கும். அமிலம் மட்டும் பாதியாக இருக்கும்.

இது எனக்கு நேர்ந்தது. மூன்று வாரம் தரம் பார்க்கும் முறையையே சந்தேகித்து, பியூரெட்டை மாற்றி, சோடியம் ஹைட்ராக்சைடைப் புதிதாகக் கரைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தூளில் ஒரு சிட்டிகையைக் காரத்தில் கரைத்தபோது குடுவையின் வாயிலிருந்து மீன் வாடை எழுந்தது. அமீனின் வாடை அது. அந்த ஒரு நொடியில் விளங்கிய விஷயத்துக்கு மூன்று வாரம் செலவழித்திருக்கிறேன்.

ஆனால் அந்த வாடையை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். துளையில் எஞ்சியிருக்கும் டைமெத்தில் பார்மமைடும் காரத்தில் நீராற்பகுப்படைந்து அதே அமீனைத் தரும். முதலில் அகச்சிவப்பு நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 1660 என்ற அலை எண் அருகே அந்தக் கரைப்பானின் கார்பனைல் பட்டை மறைந்துவிட்டதா என்று பாருங்கள். பட்டை மறைந்தும் அமீன் வந்தால் அது அயனியாக உட்கார்ந்திருந்ததுதான்.

மருந்து எளிது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில மணி நேரம் ஊறவைத்து, திரவத்தை மாற்றி, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். பிறகு கழுவுநீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்மை தெரியாமல் போகும்வரை நீரில் கழுவுங்கள். சிர்க்கோனியச் சட்டகங்களும் குரோமியச் சட்டகங்களும் இதைத் தாங்கும். மாஃப்-5 போன்ற துத்தநாகச் சட்டகங்கள் ஈரத்துக்கே உடைபவை. அவற்றில் இந்த வைத்தியம் வேண்டாம். சல்போடெரிப்தாலிக் அமிலம் பெரும்பாலும் ஒற்றைச் சோடியம் உப்பாகவே கடைக்கு வருகிறது. அதை அப்படியே போட்டுச் செய்தால் சோடியமும் இதே போல இடம் பிடித்துக்கொள்ளும். அதற்கும் இதே மருந்துதான்.

தரம் பார்த்தால் அமிலம் கணக்குக்கு மேல்

கேட்க மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் இதுதான் அதிக ஆபத்தான அறிகுறி. ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குறையற்ற யுஐஓ-66-இன் வாய்பாட்டு எடை சுமார் 1664. ஆறு இணைப்பியிலும் சல்போனிக் தொகுதி ஏறினால் அது ஏறக்குறைய 2144 ஆகும். அப்போதும் ஒரு கிராமுக்கு 2.8 மில்லிமோல்தான் வர முடியும். நான்கில் ஒரு பங்கு இணைப்பி மட்டும் சல்போனிக் என்றால் 0.84. மில்-101-இல் எல்லா இணைப்பியும் ஏறினால் 3.1 அருகே. உங்கள் எண் இந்த உச்சத்தைத் தாண்டியிருந்தால் தூளில் தனி அமிலமோ, வினைபுரியாமல் தங்கிய இணைப்பியோ இருக்கிறது. முதல் அறிகுறியில் சொன்ன பேரியம் சோதனைக்குத் திரும்புங்கள்.

தரம் பார்க்கும் முறையும் மிகையைக் காட்டக்கூடும். தூளை நேரடியாகச் சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டுப் பார்ப்பது தவறு. சிர்க்கோனியக் கொத்தில் உள்ள ஹைட்ராக்சில்களும் நீரும் தாமே புரோட்டானைத் தருகின்றன. யுஐஓ-66-க்கு அவற்றின் பி.கே.ஏ. மதிப்புகள் (அமில வலுவின் அளவு; எண் குறைந்தால் வலு அதிகம்) சுமார் 3.5, 6.8, 8.3 என அளந்திருக்கிறார்கள். நிறங்காட்டியான பினாப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும்போது இவற்றில் பலவற்றையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள். போதாததற்குக் காரம் சட்டகத்தையே அரிக்கிறது. தூளைச் சோடியம் குளோரைடு நிறைகரைசலில் ஒரு நாள் கலக்கி, வடிகட்டி, வடிநீரை மட்டும் தரம் பாருங்கள். வடிநீர் பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் நிறுத்திவிடுங்கள்; கரைந்து வந்த குரோமியமும் காரத்தைக் குடிக்கும், அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

முதல் சுற்றிலேயே வேலை செய்யவில்லை

அமிலம் சரியாக இருக்கிறது, கழுவலும் சரி, ஆனால் வினை நகரவில்லை. வினைப்பொருள் உள்ளே போகிறதா என்று பாருங்கள். யுஐஓ-66-இன் சன்னல் சுமார் 0.6 நானோமீட்டர்தான். சல்போனிக் தொகுதிகளும் அந்த வழியில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பருமனான ஆல்கஹால்களுக்கும் கிளைத்த சர்க்கரைகளுக்கும் அங்கே இடமில்லை; வெளிப்புறத் தோலில் இருக்கும் கொஞ்ச அமிலம் மட்டுமே வேலை செய்யும். ஒரே நிபந்தனையில் ஒரு சிறிய ஆல்கஹாலையும் ஒரு பெரிய ஆல்கஹாலையும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். சிறியது ஓடி, பெரியது தடுமாறினால் மில்-101-க்கு மாறுங்கள்.

உலர்த்தலும் இங்கே ஒரு காரணம். சல்போனிக் தொகுதி நீரை விரும்பிப் பிடிக்கும். நீர் சூழ்ந்த புரோட்டான் வேகம் குறைந்தது. ஆகவே ஓட்டத்துக்கு முன் வெற்றிடத்தில் உலர்த்துவது நல்லது. ஆனால் இதே விதியை மாஃப்-808 சல்பேட்டுக்குப் பொருத்தினால் கெடும். 2014-இல் வேதியியலாளர் ஓமர் யாகியின் குழு வெளியிட்ட அந்தப் பொருள் மிகைவலு அமிலம் (தூய சல்பூரிக் அமிலத்தைவிட வலுவானது) என்று காட்டப்பட்டது. 2019-இல் அந்த வலு எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது, சிர்க்கோனியத்தில் அமர்ந்த நீர் மூலக்கூறும் பக்கத்துச் சல்பேட்டும் ஹைட்ரஜன் பிணைப்பில் சேர்ந்து நிற்கும் அமைப்பே அமில மையம் என்று தெரிந்தது. அந்த நீரை முழுவதும் விரட்டினால் அமிலத்தையும் விரட்டுகிறீர்கள். நீர் பகையா துணையா என்பது அமிலம் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

விளைபொருள் 67 சதவீதத்தில் நிற்கிறது, மேலே ஏறவே இல்லை

அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் சம அளவில் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் வினையூக்கி மேல் குற்றமில்லை. அந்த வினையின் சமநிலை மாறிலி ஏறக்குறைய 4. சம மோல் போட்டால் மூன்றில் இரண்டு பங்கோடு சமநிலை வந்துவிடும். எத்தனாலைப் பத்து மடங்கு போட்டால் 97 வரை போகும். உருவாகும் நீரை அகற்றினாலும் ஏறும். நீரை உறிஞ்சச் சோடிய வகை மூலக்கூற்றுச் சல்லடையை நேரடியாகக் கலவையில் கொட்டாதீர்கள். அதன் சோடியம் உங்கள் புரோட்டானோடு இடம் மாற்றிக்கொள்ளும். ஆவி போகும் பாதையில் தனியே வையுங்கள்.

எட்டுச் சுற்றும் 98 சதவீதம், ஒன்பதாவதில் திடீர் மரணம்

இந்த அறிகுறியைப் பற்றி நான் கொஞ்சம் உரக்கவே பேச விரும்புகிறேன். வினையூக்கி ஒன்பதாவது சுற்றில் சாகவில்லை. முதல் சுற்றிலிருந்தே செத்துக்கொண்டிருந்தது, நீங்கள் பார்க்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். முதல்படி வினை ஒன்று, அதாவது வேகம் மிஞ்சியிருக்கும் வினைப்பொருளின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பது. புதுத் தூள் ஒரு மணி நேரத்தில் 99 சதவீதத்தை எட்டுகிறது. நீங்கள் ஒவ்வொரு சுற்றையும் எட்டு மணி நேரம் ஓட்டுகிறீர்கள். தூளின் வேகம் பாதியானால் 99-ஐ எட்ட இரண்டு மணி நேரம். கால் பங்கானால் நான்கு. எட்டில் ஒரு பங்கானாலும் எட்டு மணி நேர முடிவில் அதே 99 சதவீதம்தான் தாளில் ஏறும். எட்டில் ஏழு பங்கு செயல்திறனை இழந்த வினையூக்கி, உங்கள் பட்டை வரைபடத்தில் முழு ஆரோக்கியத்தோடு நிற்கும். எனவே மீள்பயன்பாட்டைச் சோதிக்கும்போது, மாற்றம் 20 முதல் 40 சதவீதத்துக்குள் இருக்கும் நேரத்தில் மாதிரி எடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நான்கு நேரங்களில் எடுத்து ஆரம்ப வேகத்தைக் கணக்கிட்டால் இன்னும் நல்லது. சரிவு முதல் சுற்றிலிருந்தே கோடாகத் தெரியும்.

சரிவு தெரிந்தபின் அதன் காரணங்களைப் பிரியுங்கள். முதலில் தராசு. ஒவ்வொரு கழுவலிலும் பத்தில் ஒரு பங்கு தூள் வடிதாளிலும் குழாய்ச் சுவரிலும் போனால் ஐந்து சுற்றில் 59 சதவீதம்தான் மிஞ்சும். தூள் குறைந்ததைத் தூள் களைத்ததாக எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மீட்ட எடைக்கு ஏற்ப வினைப்பொருளையும் குறைத்துப் போடுங்கள்.

எடை சரியென்றால் அயனிகளைப் பாருங்கள். 1 மில்லிமோல் அமிலம் உள்ள ஒரு கிராம் தூளை 23 மில்லிகிராம் சோடியம் முழுவதும் அணைத்துவிடும். காரம் கொண்டு தூய்மையாக்கிய எண்ணெயிலும், குழாய் நீரிலும் அந்த அளவு சோடியமும் கால்சியமும் எளிதில் வந்து சேரும். இது மட்டும்தான் காரணம் என்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழுவல் தூளை முழுதாக மீட்டுத்தரும். அப்படி மீண்டால் நோய் இன்னதென்று அதுவே சொல்லிவிடுகிறது.

தூள் பழுப்பேறியிருந்தால் அது வேறு. பிரக்டோஸிலிருந்து ஹைட்ராக்சிமெத்தில் பர்பரால் எடுக்கும் வினைகளில் ஹியூமின் என்னும் பிசின் போன்ற கரும்பொருள் துளைகளை அடைக்கிறது. சூடான எத்தனாலிலும் டைமெத்தில் சல்பாக்சைடிலும் மாறி மாறி ஊறவைத்தால் ஒரு பகுதி வரும். சியோலைட்டோடு (சூடு தாங்கும் கனிம நுண்துளைப் பொருள்) பழகியவர்கள் கை தானாக உலையை நோக்கிப் போகும். 500 டிகிரியில் சுட்டு எரித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். கரியோடு உங்கள் இணைப்பியும் எரிந்து உலோக ஆக்சைடு மட்டும் மிஞ்சும். மில்-101 காற்றில் தாங்குவதே சுமார் 275 டிகிரிவரைதான். ஹியூமின் சேர்ந்த பிறகு எடுப்பதைவிட, சர்க்கரையின் செறிவைக் குறைத்து அது சேராமல் பார்ப்பதே வழி.

இன்னொன்று, கைப்பழக்கத்தால் வரும் சாவு. எஸ்டரைப் பிரித்தெடுக்கும்போது மிஞ்சிய அமிலத்தைப் போக்கச் சோடியம் பைகார்பனேட் கரைசலைக் குடுவையில் ஊற்றுவது பலருக்கு வழக்கம். தூளை வடிகட்டி எடுத்த பிறகு ஊற்றினால் தீங்கில்லை. தூள் உள்ளே இருக்கும்போது ஊற்றினால், சிர்க்கோனியத்தை கார்பனேட் பிடித்து இணைப்பியைத் தள்ளிவிடும். பாஸ்பேட் தாங்கல் கரைசலும், புளோரைடும் அப்படியே. அமிலத்தில் அசையாமல் நிற்கும் யுஐஓ-66 இந்த மூன்றிடமும் தோற்றுவிடும்.

எக்ஸ்-கதிர் படத்தில் சிகரங்கள் தாழ்ந்துவிட்டன

தாழ்ந்ததா, அகன்றதா என்று பிரித்துப் பாருங்கள். தாமிரத்தின் எக்ஸ்-கதிரில் யுஐஓ-66-க்கு 7.4, 8.5 டிகிரிகளில் முதல் இரண்டு சிகரங்கள். துளைக்குள் கனமான விருந்தாளி நுழைந்தாலே தாழ்கோணச் சிகரங்களின் உயரம் மாறும். சட்டகம் இடிந்ததாகப் பொருள் இல்லை. சிகரம் அகன்று, அடியில் மேடு எழுந்தால்தான் கவலை. யுஐஓ-66-ஐ முழுவதும் சல்போ இணைப்பியாலேயே கட்ட முயன்றால் படிகத்தன்மை கெடுவது வழக்கம். சாதாரண டெரிப்தாலிக் அமிலத்தோடு கலந்து கட்டுங்கள். கொஞ்சம் குறைவான அமிலம், ஆனால் நிற்கும் சுவர்.

சிகரம் கூர்மையாக இருந்தும் புறப்பரப்பு குறைந்தால், முதலில் எடைக் கணக்கு. முழுவதும் சல்போனிக் ஏறிய சட்டகம் அசலைவிட 29 சதவீதம் கனமானது. ஒரு துளைகூட அடைபடாமலே ஒரு கிராமுக்கான பரப்பு 22 சதவீதம் குறைந்துதான் தெரியும். அதற்கு மேலும் குறைந்தால் வினைபுரியாத இணைப்பி உள்ளே தங்கியிருக்கிறது, அல்லது நீரோடு நேராக உலர்த்தியிருக்கிறீர்கள். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் அளவு. அசிட்டோனுக்கு 23 அளவுதான். ஆவியாகும்போது நீர் சுவர்களை உள்ளே இழுக்கும் பலம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. நீரை அசிட்டோனால் மூன்று நாள் மாற்றி மாற்றி, பிறகு வெற்றிடத்தில் வையுங்கள்.

தூள் படியவில்லை, திரவம் பால் போல இருக்கிறது

காந்தக் கலக்கி குடுவையின் அடியில் படிகங்களை அம்மியில் அரைப்பது போல அரைக்கிறது. நுண்துகள் வடிகட்டியைத் தாண்டிப் போவதால் தூள் இழப்பும் வரும், சூட்டு வடிகட்டலில் பொய்யான கசிவும் வரும். மேலிருந்து கலக்கும் தண்டுக்கு மாறுங்கள், அல்லது குடுவையையே குலுக்குங்கள். பிரிக்க மையவிலக்கி.

வடிநீரில் நிறம்

பச்சை அல்லது ஊதா என்றால் மூன்று இணைதிறன் குரோமியம் கரைகிறது. குரோமியம் டிரை ஆக்சைடிலிருந்து தயாரித்த தூளின் கழுவுநீர் மஞ்சளாக வந்தால் ஆறு இணைதிறன் குரோமியம் மிஞ்சியிருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்குவது. கையுறையோடு எடுத்துக் கன உலோகக் கழிவில் சேருங்கள், வினையை நிறுத்துங்கள். இதே எச்சரிக்கை, அமீன் ஏறிய சட்டகத்தில் சல்போனிக் தொகுதியை நீட்டப் பயன்படும் புரோப்பேன் சல்டோனுக்கும் பொருந்தும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் கேட்கும் மில்-101 செய்முறையை, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

ஒரே செய்முறை, தொகுதிக்குத் தொகுதி வேறு பலன்

யுஐஓ-66-இல் இது வந்தால் விடுபட்ட இணைப்பிகளை எண்ணுங்கள். 2008-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்தச் சட்டகத்தில் ஒவ்வொரு கொத்தும் பன்னிரண்டு இணைப்பிகளைப் பிடிக்க வேண்டும். நடைமுறையில் எப்போதும் சில குறையும். எத்தனை குறையும் என்பதை, தயாரிப்பில் சேர்க்கும் அசிட்டிக் அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ, கரைப்பானில் இருந்த ஈரமோ தீர்மானிக்கிறது. வெப்ப எடையறி கருவியில் அசல் தூளை எரித்து, கடைசியில் மிஞ்சும் சிர்க்கோனியம் ஆக்சைடை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பி எரியத் தொடங்கும் முன், நீர் எல்லாம் போன படியில், குறையற்ற சட்டகத்துக்கு எடை 220 இருக்க வேண்டும். உங்கள் தொகுதிகளில் ஒன்று 212, இன்னொன்று 200 என்றால் அவை இரண்டும் ஒரே பொருள் அல்ல. பெயர் மட்டும்தான் ஒன்று. சல்போ இணைப்பி கலந்த தூளுக்கு இந்த 220-ஐ அதன் கலவை விகிதத்துக்கேற்ப மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாக வேலை செய்த தொகுதி ஒன்றிலிருந்து அரை கிராமைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து, மூடி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். புதிய தொகுதி ஏமாற்றும் நாளில், அதே வினைப்பொருள் பாட்டில், அதே எண்ணெய்த் தொட்டி, அதே வாயு குரோமட்டோகிராபி கருவி கொண்டு ஒரு பழைய குப்பியை ஓட்டிப் பாருங்கள். பழைய தூளும் அன்று தடுமாறினால் புதிய தொகுதியை விட்டுவிட்டு, ஆல்கஹால் பாட்டிலில் நீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குங்கள்.